தண்டனை பெற்றவர் கையில் துப்பாக்கி: 15 ஆண்டு சிறை யாருக்கு?

கேள்வி: டல்லஸ் வாசகர், மார்ச் 8, 2025

அமெரிக்காவில் துப்பாக்கிக்குச் சட்டமே கிடையாது, ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவன்கூடக் கடையில் வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமா. டெக்சாஸில் ஐந்து வருஷம் ஆனால் வைத்துக்கொள்ளலாம் என்று அடித்துச் சொல்கிறார் ஆபீஸில் ஒருவர். எது சரி?

மார்ச் 8, இரவு

இரண்டுமே சரியில்லை. மாமா சொல்வது முழுத் தவறு. ஆபீஸ்காரர் சொல்வது பாதி உண்மை; ஆளைக் கொண்டுபோய் உள்ளே தள்ளுவது அந்தப் பாதி உண்மைதான்.

ஃபெடரல், அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசின், சட்டத்தில் 922(ஜி)(1) என்று ஒரு பிரிவு. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு தோட்டா போதும், வழக்குப் போட. நீதிபதி எத்தனை நாள் சிறை கொடுத்தார் என்பதல்ல கணக்கு. அதிகபட்சமாக எவ்வளவு கொடுத்திருக்க முடியும் என்பதுதான் கணக்கு. ஒரு நாள்கூட உள்ளே இருக்காமல் அபராதம் கட்டிவிட்டு வந்தவருக்கும் இந்தத் தடை உண்டு. தடைக்குக் கால வரம்பும் இல்லை. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. 2022 வரை அது 10 ஆண்டாக இருந்தது. யுவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பிறகு அந்த ஜூன் மாதம் வந்த சட்டம் 15 ஆக்கியது.

டெக்சாஸ் விஷயம்: சிறையிலிருந்தோ பரோல், புரொபேஷன் கண்காணிப்பிலிருந்தோ விடுபட்டு ஐந்தாண்டு ஆனபின், குடியிருக்கும் வீட்டுக்குள் மட்டும் துப்பாக்கி வைத்திருந்தால் டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. அதே வீடு, அதே அலமாரி, அதே துப்பாக்கி ஃபெடரல் சட்டப்படி குற்றம். மாநிலப் போலீஸ் சும்மா விட்டாலும் ஃபெடரல் வழக்கறிஞர் நினைத்தால் வழக்கு வரும். இதைத் தெரியாமல் "ஐந்து வருஷம் முடிந்துவிட்டது" என்று நிம்மதியாக இருக்கும் ஆட்கள் டெக்சாஸில் நிறையப் பேர் இருப்பார்கள். உங்கள் ஆபீஸ்காரரிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

மார்ச் 9

"மாநிலத்துக்குள்ளேயே நடக்கும் விஷயத்தில் ஃபெடரல் அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தை வைத்துத்தான் இந்தச் சட்டமே நிற்கிறது. அந்தத் துப்பாக்கி எப்போதாவது ஒரு முறை மாநில எல்லையைத் தாண்டியிருந்தால் போதும் என்று 1977இல் ஸ்கார்பரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாசசூசெட்ஸில் செய்த துப்பாக்கி முப்பது வருஷம் பென்சில்வேனியாவில் ஒரே பரணில் கிடந்திருந்தாலும் சரி.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

தடையின் எல்லைக்கோட்டை எங்கே கிழித்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், எனக்கு ஆற்றாமை அங்கேதான். கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தவரும் வரியில் பொய்க்கணக்குக் காட்டியவரும் கோட்டுக்கு ஒரே பக்கம். யூட்டா மாநிலத்தில் ஒரு பெண், போதைப் பழக்கத்தில் கிடந்த காலத்தில், மளிகைக் கடையில் 498 டாலர் 12 சென்ட்டுக்குப் பணமில்லாத செக் கொடுத்தார். அதை வங்கி மோசடி என்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். பழக்கத்திலிருந்து மீண்டு, படித்து, சமூகப் பணியாளர் ஆகிவிட்டார். இத்தனை ஆண்டு கழித்து அவர் துப்பாக்கி உரிமையைக் கேட்டபோதும், யூட்டாவையும் சுற்றியுள்ள சில மாநிலங்களையும் சேர்த்துக் கவனிக்கும் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. போன மாதம் மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறது. சமையல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற மார்த்தா ஸ்டூவர்ட், 2004இல் விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்ன வழக்கில் தண்டனை பெற்றவர். அவருக்கும் இதே தடை.

கோட்டுக்கு வெளியே விட்டவர்களையும் பாருங்கள். நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றும் குற்றம், வணிகப் போட்டிச் சட்டத்தை மீறும் குற்றம், இவற்றில் தண்டனை பெற்றவர்களுக்குத் தடை கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் மக்கள் அத்தனை பேரையும் ஏமாற்றியவர் கைக்குத் துப்பாக்கி வரலாம், ஒரு கடைக்காரரை ஏமாற்றியவர் கைக்கு வரக்கூடாது. ஆபத்தை அளந்து போட்ட கோடு இது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மார்ச் 12

மேலே ஒருவர் "கென்னடியைச் சுட்டதால்தான் இந்தத் தடை வந்தது" என்கிறார். கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் இந்த மாதிரிக் குற்றத் தண்டனை பெற்றவரல்ல. அவர் செய்தது, பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப்பெயரில், சிகாகோ கடையிலிருந்து தபாலில் ரைஃபிள் வரவழைத்தது. 1968 சட்டம் அந்தத் தபால் வழியை அடைத்தது. தடை அதற்கு முன்பே இருந்தது. 1938 சட்டம் வன்முறைக் குற்றவாளிகளைத் தடுத்தது. 1961இல் அதைத் திருத்தி, ஓராண்டுக்கு மேல் தண்டனைக்குரிய எந்தக் குற்றமானாலும் சரி என்று விரித்தார்கள். செக் மோசடிக்காரர் உள்ளே வந்தது அந்த 1961இல்தான்.

மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரேயை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். அவர் மிசூரி சிறையிலிருந்து தப்பி ஓடிய கைதி. 1968 மார்ச்சில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு கடைக்குள் சாதாரணமாக நுழைந்து, வேறு பெயரைச் சொல்லி, ரைஃபிளை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரரால் சரிபார்க்க வழியே இல்லை. அந்த அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட புதிய சட்டத்துக்குப் பிறகும் வழி பிறக்கவில்லை. "நீ தண்டனை பெற்றவனா?" என்று படிவத்தில் கேட்பார்கள், "இல்லை" என்று எழுதினால் விற்றுவிடுவார்கள். எஃப்பிஐயின் உடனடிச் சரிபார்ப்பு முறை தொடங்கியது 1998 நவம்பரில். அதுவரை தடை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. இன்றும் ஃபெடரல் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால்தான் சரிபார்ப்பு. ஒரே மாநிலத்தில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால், அந்த மாநிலச் சட்டம் கேட்காதவரை, சரிபார்ப்பு கிடையாது.

மார்ச் 15

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று இருவர் கேட்டுவிட்டார்கள். நான் வேட்டைக்காரனும் இல்லை, துப்பாக்கி வைத்திருப்பவனும் இல்லை. பிலடெல்பியாவில் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு வந்த அழைப்பு. வழக்கு, இதே 922(ஜி)(1).

காரை நிறுத்திச் சோதித்தபோது முன் இருக்கைக்கு அடியில் கைத்துப்பாக்கி. ஓட்டியவர் முப்பதை ஒட்டிய வயது. அவர் முன்பு என்ன குற்றம் செய்தார் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. "ஓராண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றத்தில் இவர் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது" என்று ஒரு வரியை வாசித்தார்கள், அவ்வளவுதான். அதற்குக் காரணம் உண்டு. பழைய குற்றத்தின் பெயரைக் கேட்டால் ஜூரியின் மனம் கெட்டுவிடும். ஆகவே குற்றம்சாட்டப்பட்டவர் இப்படி ஒப்புக்கொண்டால் அரசுத் தரப்பு விவரத்துக்குள் போகக்கூடாது என்று 1997இல் ஓல்ட் சீஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல பாதுகாப்புதான்.

துப்பாக்கியை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வரிசை முன்னால் காட்டினார்கள். மேல்பகுதி பின்னுக்கு இழுபட்டுத் திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டையைக் கோத்து இறுக்கியிருந்தார்கள், சுட முடியாதபடி. கைப்பிடியில் விரல் படும் இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பல கைகள் மாறிய பொருள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தோட்டாக்கள் தனியே சின்ன பிளாஸ்டிக் உறையில். துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப்பின் அதிகாரி ஒருவர் வந்து, இந்தத் துப்பாக்கி பென்சில்வேனியாவில் தயாரானதில்லை என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். எல்லை தாண்டியது நிரூபணமாகிவிட்டது.

விவாத அறையில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் இருந்தார், வயதான அம்மா. "இவன் முன்னாடி என்ன செய்தான்? ஆளை அடித்தானா, கஞ்சா விற்றானா? அது தெரியாமல் நான் எப்படிக் கையை உயர்த்துவது?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. தண்டனை எவ்வளவு என்பதும் தெரியாது; அது உங்கள் வேலை இல்லை என்று நீதிபதி முன்பே சொல்லியிருந்தார். எங்களைக் கேட்டது இரண்டுதான்: அந்தத் துப்பாக்கி அவர் வசம் இருந்ததா, தான் தண்டனை பெற்றவர் என்று அவருக்குத் தெரியுமா. இரண்டுக்கும் சாட்சியம் திடமாக இருந்தது. குற்றவாளி என்றோம். இன்று கேட்டாலும் அதே தீர்ப்பைத்தான் கொடுப்பேன்.

சில மாதம் கழித்து நீதிமன்றப் பதிவில் தேடிப் பார்த்தேன். பழைய குற்றம், பத்தொன்பது வயதில் போதைப்பொருள் விற்றது. யாரையும் அடித்ததாகவோ மிரட்டியதாகவோ ஒன்றும் இல்லை. தண்டனை ஐந்து ஆண்டுக்கு மேல். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக் கழிவு ஆண்டுக்கு 54 நாள் வரைதான். பெரும்பகுதியை உள்ளே கழிக்க வேண்டும்.

அந்த அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்பது என் எண்ணம். அதை ஜூரி கேட்கக்கூடாது, சரி. ஆனால் சட்டமே கேட்காமல் இருக்கலாமா?

மார்ச் 16

"ஜூரி அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் இரக்கப்படாதீர்கள்" என்று எழுதியவருக்கு: இப்படி ஜூரி வரை போகும் வழக்கே அபூர்வம். ஃபெடரல் குற்ற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிபவை. அண்மை ஆண்டுகளில் 922(ஜி) பிரிவில் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தண்டனை பெறுகிறார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். சராசரித் தண்டனை ஐந்தாறு ஆண்டு. நான் பார்த்தது அதில் ஒரு வழக்கு.

மார்ச் 18

சிகாகோவிலிருந்து எழுதிய அண்ணனுக்கு. "கஞ்சா விற்றவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் வந்து பாருங்கள், பக்கத்து வீட்டுப் பையனைப் பறிகொடுத்தோம்" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் சொல்வது நியாயம். போதை விற்பனையும் துப்பாக்கியும் ஒரே பையில் போகும் ஊரில், பழைய குற்றத்தில் ரத்தம் சிந்தவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பத்தொன்பது வயதில் விற்றவருக்கும் முப்பது வயதில் இருக்கைக்கடியில் தோட்டா நிரப்பி வைத்திருந்தவருக்கும் தொடர்பு இருக்கலாம். போன குறிப்பில் நான் அதைத் தொடாமலே போய்விட்டேன்.

ஆனால் உங்கள் பக்கத்து ஊர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரோரா. நம் ஆட்கள் பாலாஜி கோயிலுக்குப் போகும் அதே அரோரா. 2019 பிப்ரவரி 15, ஹென்றி பிராட் நிறுவனத்தின் கிடங்கில் வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவர் சக ஊழியர்கள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். 1995இல் மிசிசிப்பி மாநிலத்தில் கொடிய தாக்குதல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் அவர். வன்முறைக் குற்றம், சந்தேகமே இல்லை. அப்படியும் 2014இல் இல்லினாய் மாநிலம் துப்பாக்கி வைத்திருக்கும் அட்டையை அவருக்குக் கொடுத்தது. கடையில் சரிபார்ப்பிலும் தேறி, துப்பாக்கியை வாங்கினார். பிறகு மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கேட்டுக் கைரேகை கொடுத்தார்; அப்போதுதான் மிசிசிப்பி வழக்கு வெளியே வந்தது. அட்டையை ரத்து செய்தார்கள். துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் போட்டார்கள்.

கடிதம் போட்டார்கள், வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. ஐந்தாண்டு கழித்து அதே துப்பாக்கியோடு அவர் வேலைக்கு வந்தார்.

15 ஆண்டு தண்டனையா 10 ஆண்டு தண்டனையா என்ற கேள்வி அந்த ஐந்து பேருக்கு ஒன்றும் செய்திருக்காது. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு மாலை நேரத்தில் போய்க் கதவைத் தட்டியிருந்தால் செய்திருக்கும்.

மார்ச் 18, மறுபடியும்

இன்னொரு கணக்கு. 2017 நிதியாண்டில் ஏறக்குறைய 1,12,000 பேர் சரிபார்ப்பில் தோற்றுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தடை உள்ளவர் கடையில் நிரப்பும் படிவம் 4473இல் பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவதே தனிக் குற்றம். ஃபெடரல் அரசு வழக்குத் தொடுத்தது பன்னிரண்டு பேர் மீது. அரசின் தணிக்கை அமைப்பே வெளியிட்ட எண். அந்த லட்சத்துச் சொச்சத்தில் தன் மீது தடை இருப்பதே தெரியாதவர்களும் உண்டு, எல்லாரையும் சிறையில் போடச் சொல்லவில்லை. கடையில் கிடைக்காததை வேறெங்காவது வாங்கப் போகிறவர் யார் என்று யாராவது பார்த்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

அதே 2017இல் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் நடந்த துப்பாக்கிப் படுகொலை. சுட்டவர் மனைவியையும் அவருடைய குழந்தையையும் அடித்ததற்காக விமானப்படையின் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். விமானப்படை அந்த விவரத்தை எஃப்பிஐக்கு அனுப்பவே இல்லை. சரிபார்ப்பில் பெயர் வரவில்லை, விற்றுவிட்டார்கள். நீதிமன்றம் பின்னர் அரசுக்கு 60 சதவீதப் பொறுப்பு என்றது.

மார்ச் 23

தண்டனை 15 ஆண்டோடு நிற்கும் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முன்பு மூன்று வன்முறைக் குற்றங்களோ பெரிய போதைப்பொருள் குற்றங்களோ இருந்தால், 15 ஆண்டு என்பது குறைந்தபட்சம் ஆகிவிடும். ஆயுள் வரை போகலாம். 1984இல் வந்த ஏற்பாடு. எதை வன்முறை என்று எண்ணுவது என்பதில் நாற்பதாண்டாக வழக்கு மேல் வழக்கு. அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை, தெளிவே இல்லை என்று சொல்லி, 2015இல் உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்தது.

அதில் வூடன் வழக்கு எனக்கு மறக்காது. ஒரே இரவில், ஒரே கட்டடத்தில், வாடகைக்கு விடும் பத்துச் சேமிப்பு அறைகளின் சுவரை உடைத்து உடைத்துத் திருடிய ஆள். பல ஆண்டு கழித்து வீட்டில் துப்பாக்கியோடு பிடிபட்டார். அரசுத் தரப்பு பத்து அறையைப் பத்துத் தனிச் சம்பவம் என்று எண்ணி, ஏறக்குறைய 16 ஆண்டு வாங்கிக் கொடுத்தது. 2022இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள், அது ஒரே சம்பவம் என்று. சரியான தீர்ப்பு. ஆனால் அதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, அந்த ஆள் அதுவரை உள்ளேதான் இருந்தார்.

மார்ச் 23

பழைய கால நாட்டுத் துப்பாக்கி பற்றிக் கேட்டவருக்கு: 1898 அல்லது அதற்கு முன் தயாரானது ஃபெடரல் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே இல்லை. மாநிலச் சட்டம் வேறு சொல்லலாம். பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 29

இது ஹூஸ்டன் கேஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவருக்கு மட்டுமில்லை, எச்-1பி, எஃப்-1 விசாவில் இருக்கிற எல்லாருக்கும்.

கல்லாவுக்குக் கீழே துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள், உங்கள் பெயரில் வாங்கியது, நீங்கள் குடிமகன், சரி. இரவு வேலைக்கு நிற்கும் தம்பி மாணவர் விசாவில் இருக்கிறார் என்கிறீர்கள். அந்தத் தம்பி அதைத் தொட்டால் 922(ஜி)(5). தண்டனை அதே 15 ஆண்டு வரை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. தண்டனை கிடக்கட்டும், துப்பாக்கிக் குற்றம் என்று பதிவானால் நாடு கடத்தலுக்கு அதுவே போதும். கிரீன் கார்டு இருந்தாலும் காப்பாற்றாது. இன்றைக்கே அதை எடுத்துப் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் வேலை பார்ப்பதே அவருடைய விசாவுக்குச் சரிதானா என்பதையும் பாருங்கள்.

வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்ச் போய், கண்ணாடியும் காதடைப்பானும் மாட்டிக்கொண்டு எடுத்த படத்தை முகநூலில் போடுகிறவர்களும் படியுங்கள். வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதுதான். ஃப்ளோரிடாவில் படிக்க வந்த ஐக்கிய அமீரக மாணவர் ஒருவர் தேர்வுகளில் தோற்று, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலையை இழந்தார். அப்புறம் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். 18 மாதச் சிறை. 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் பேசியது: தான் தடைக்குட்பட்டவர் என்று அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. எங்கள் ஜூரியிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதே அந்தத் தீர்ப்பால்தான். ஆனால் அவர் சிறையை அனுபவித்து முடித்த பிறகு வந்த தீர்ப்பு அது. படத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. போகாதீர்கள்.

ஏப்ரல் 5

உரிமையைத் திரும்பப் பெற வழியே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். சட்டத்தில் வழி இருக்கிறது, 925(சி). ஒருவர் மனுப் போடலாம், ஆபத்தில்லாதவர் என்று தெரிந்தால் தடையை நீக்கலாம். ஏடிஎஃப் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1992 முதல் அந்த வேலைக்கு ஏடிஎஃப் ஒரு காசு செலவழிக்கக்கூடாது என்று ஆண்டுதோறும் நிதிச் சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எழுதி வந்தது. கதவு இருந்தது, திறக்க ஆள் இல்லை.

போன மாதம் ஃபெடரல் அரசின் நீதி அமைச்சகம் அந்தப் பொறுப்பை ஏடிஎஃப்பிடமிருந்து எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. முதலில் பயன் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் நடிகர் மெல் கிப்சன். அவர் மீதிருந்தது குடும்ப வன்முறைத் தண்டனை, 2011. அவருக்குப் பரிந்துரைக்க மறுத்ததும் வேலை போயிற்று என்று மன்னிப்பு மனுக்களைக் கவனித்த அதிகாரி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதைப் படித்ததும் வந்தது கோபம். கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்கிறவன் நான். திறந்தால் செக் மோசடிக்காரப் பெண் முன்வரிசையில் நிற்க வேண்டும். வீட்டுக்குள் பெண்ணை அடித்தவரைத்தான் கடைசி வரிசையில் நிறுத்த வேண்டும். சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் ஆளின் பழைய குற்றம் என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். சென்ற ஆண்டு ரஹீமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னதும் அதுதான்: துணைவியை மிரட்டுகிறவர் என்று நீதிமன்றமே கண்டு தடையுத்தரவு போட்டிருந்தால், அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கலாம், அரசியலமைப்பு தடுக்காது.

ஏப்ரல் 19

கணவருக்குப் பழைய வரி வழக்கு, மனைவி பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்க நினைக்கிறார், ஒரே வீடு. மனைவியின் உரிமை மனைவியுடையது. கணவரின் தண்டனையால் அது போகாது. ஆனால் கணவர் நினைத்தால் எடுக்க முடியும் என்ற நிலை இருந்தால், அவர் கையால் தொடாவிட்டாலும் அவர் வசம் இருந்ததாகக் கொள்ளக்கூடும். படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறை, இருவருக்கும் எண் தெரிந்த பெட்டகம், இரண்டும் ஆபத்து. எண்ணோ சாவியோ மனைவியிடம் மட்டும். சகோதரி, இவ்வளவு செய்தும் நிம்மதி இருக்காது என்று தோன்றினால் வாங்காமல் இருப்பதே மேல். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முன்பே வைத்திருந்த துப்பாக்கியைத் தண்டனைக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கும் பதில் உண்டு. 2015 ஹென்டர்சன் வழக்கு: உரியவர் அதை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ நீதிமன்றம் வழியாக ஏற்பாடு செய்யலாம், பிறகு அது அவர் கட்டுப்பாட்டில் இருக்கக்கூடாது. எல்லா மாநிலமும் தண்டனை அன்றே இதைப் பார்த்து முடித்தால் அரோரா மாதிரிக் கடிதம் போட வேண்டியே இருக்காது. கலிஃபோர்னியா 2006 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: சட்டப்படி வாங்கி, பிறகு தடைக்குள் வந்தவர்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் எடுக்கிறார்கள். பட்டியலில் இன்னும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், ஆள் பற்றாக்குறை. ஆனாலும் போகிறார்கள். தண்டனை ஆண்டுகளை ஏற்றுவதற்குப் பதில் இந்த வேலைக்கு ஆள் போட்டால் நான் முதலில் கை தட்டுவேன்.

ஏப்ரல் 20

ஊர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டவருக்கு ஒரு வரி: இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து ஐந்தாண்டு வரை தடை. ஆனால் அங்கே யாருக்கானாலும் முதலில் உரிமம் வேண்டும். இங்கே உரிமை என்பது அடிப்படை, அதிலிருந்து ஆளை நீக்குகிறார்கள். அதனால்தான் இங்கே "யாரை நீக்கலாம்" என்பது அரசியலமைப்புச் சண்டையாகிறது.

மே 10

நேற்று ஒன்பதாவது வட்டம் டுவார்ட்டே வழக்கில் முழு அமர்வாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வன்முறை இல்லாத குற்றங்களானாலும் தடை செல்லும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், அரிசோனா எல்லாம் இதற்குள். காரிலிருந்து துப்பாக்கியை வெளியே எறிந்தவர் வழக்கு. பழைய குற்றங்கள் ஐந்து, ஆளை அடித்தது எதுவும் இல்லை.

எங்கள் மூன்றாவது வட்டம் (பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர்) இதற்கு நேர் எதிர். பிரையன் ரேஞ்ச் என்பவர் 1995இல் ஃபுட் ஸ்டாம்ப் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உணவு உதவி) விண்ணப்பத்தில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதை ஒப்புக்கொண்டார். புல் வெட்டும் வேலை, மூன்று குழந்தைகள். தண்டனை மூன்றாண்டு புரொபேஷன், 2,458 டாலர் திருப்பிக் கட்டினார். பென்சில்வேனியா அதை மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், என்றுதான் வைத்திருந்தது, ஆனால் ஐந்தாண்டு வரை விதிக்கலாம், அதனால் ஆயுள் தடை. மனைவி வாங்கித் தந்த மான் வேட்டை ரைஃபிளை, தடை இருப்பது தெரிந்ததும் அவரே விற்றுவிட்டார். வழக்குப் போட்டு, 2023இலும் மறுபடி 2024 டிசம்பரிலும் வென்றார். இரண்டாவது முறை 13க்கு 2.

ஒரே நாடு, ஒரே சட்டம். ஃபிலடெல்பியாவில் ஒருவருக்கு உரிமை, சியாட்டிலில் அதே நிலையில் உள்ளவருக்கு 15 ஆண்டு வரை சிறை. உச்ச நீதிமன்றம் இதை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால், வன்முறையையும் மிரட்டலையும் ஆயுதக் கடத்தலையும் ஒரு பக்கம் வைத்து, செக்கையும் ஃபுட் ஸ்டாம்பையும் மறுபக்கம் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். போதை விற்பனையை எந்தப் பக்கம் வைப்பது? சிகாகோ அண்ணன் எழுதியதற்குப் பிறகு எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதை ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் சொல்ல முடியும், பார்ப்பதற்கு 925(சி) போல ஓர் இடம் ஒழுங்காக நடக்க வேண்டும்.

மே 17

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். இருபதாண்டுக்கு முந்தைய செக் வழக்கு, ரேஞ்ச் தீர்ப்பு வந்துவிட்டதே, இனி கடைக்குப் போய் வாங்கலாமா என்கிறீர்கள். போகாதீர்கள். அந்தத் தீர்ப்பு அந்த ஒரு மனிதருக்கு, அவர் வழக்கின் உண்மைகளுக்கு மட்டும். உங்கள் பெயர் சரிபார்ப்பில் இன்னும் சிவப்பாகத்தான் வரும். படிவத்தில் "இல்லை" என்று எழுதினால் பொய், அதற்குத் தனி வழக்கு. அவர் செய்ததும் வாங்கிவிட்டு வாதாடியது இல்லை; கையில் துப்பாக்கி இல்லாமல், முதலில் நீதிமன்றம் போய் "எனக்கு இந்தத் தடை செல்லாது என்று அறிவியுங்கள்" என்று கேட்டார். நீங்களும் அதே வழியில் போகலாம். அதற்கு முன், உங்கள் மாநிலத்தில் அந்தப் பழைய தண்டனையைப் பதிவிலிருந்து நீக்க முடியுமா என்று பாருங்கள். முறையாக நீக்கப்பட்ட தண்டனையை ஃபெடரல் சட்டம் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை, நீக்கும் உத்தரவிலேயே துப்பாக்கித் தடை தொடரும் என்று எழுதியிருந்தால் தவிர. செலவும் குறைவு. தீர்ப்பு நகலையும் பழைய வழக்கு எண்ணையும் எடுத்துக்கொண்டு குற்றவியல் வக்கீலைப் பாருங்கள். குடிவரவு வக்கீல் போதாது.